பால் எடுக்க மதிய இடைவேளை மட்டும்தான் என்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். மூன்று வாரமாக வேலைக்குப் போகிறேன். தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவை. ஒன்பது மணி நேர ஷிஃப்ட், போக வர இரண்டு மணி நேரம். பால் எடுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போகலாம் என்கிறார் டீம் லீட். அதற்கும் கழிவறைதான் இடம். ஒருநாள் தாங்க முடியாமல் பதினொரு மணிக்குப் போய்வந்தேன். அந்த 25 நிமிடத்தை 'காரணமின்றி இருக்கையில் இல்லை' என்று பதிந்து மாத மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். 'உனக்கு மட்டும் ஸ்பெஷல் பிரேக்கா?' என்று கேலி வேறு. இரவு ஷிஃப்டுக்கு மாற்றப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. பம்பில் முன்பு ஒரு தடவைக்கு 100 மில்லி வந்தது, இப்போது 50 தாண்டவில்லை. இரண்டு நாளாக இடது மார்பில் கட்டி, தொட்டால் வலி. புட்டிப்பாலுக்கு மாறு, வேலையை விடு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் கேட்பது சலுகையா, உரிமையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சலுகையா உரிமையா என்பதற்கு முன்னால் அந்தக் கட்டியைப் பார்த்துவிடுவோம். அது ஹெச்.ஆர். பதில் வரும்வரை காத்திருக்காது.

பதினொரு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை பால் எடுத்தால் பால் கட்டிக்கொள்வதில் வியப்பில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வலித்தாலும் பரவாயில்லை என்று கட்டியை அழுத்தித் தேய்த்துவிடச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் வீக்கம். அழுத்தித் தேய்த்தால் திசு நசுங்கி வீக்கம் கூடும். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், குளிர் ஒத்தடம் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. துணியில் சுற்றிய ஐஸ் பேக்கைப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்குப் பல முறை வையுங்கள். குழந்தைக்கு அந்தப் பக்கமும் வழக்கம்போல் கொடுங்கள். 'முழுக்கக் காலி செய்துவிட வேண்டும்' என்று கூடுதலாகப் பம்ப் செய்யாதீர்கள். அது இன்னும் அதிகம் சுரக்கச் சொல்லி உடம்புக்குத் தூது அனுப்புவதாகிவிடும். வலிக்குப் பாராசிட்டமாலோ இபுபுரூஃபெனோ தாய்ப்பால் கொடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், பரவும் சிவப்பு, இவற்றில் எது வந்து ஒரு நாளில் தணியாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். அப்போதும் அந்த மார்பில் பால் கொடுக்கலாம். திடீரென நிறுத்தினால்தான் சீழ் கட்டும் ஆபத்து. வலி எல்லாம் போன பிறகும் கட்டி மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கரையாமல் நின்றால் ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும். மருத்துவரைப் பார்க்கும்போது, 'வேலை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டும்' என்று சீட்டில் ஒரு வரி, தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

அடுத்து, 100 மில்லி 50 ஆனது. இதற்கு உடம்பும் காரணமாகலாம், கருவியும் காரணமாகலாம். முதலில் கருவியைப் பாருங்கள், அது எளிது. மார்பில் பொருத்தும் புனலுக்குக் கீழே, பால் சொட்டும் இடத்தில் வாத்து அலகுபோல் ஒரு சிலிக்கான் வால்வு இருக்கும். தினமும் பல முறை ஓடும் பம்பில் அது ஒன்றிரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். நுனி தானாக மூடியிருக்க வேண்டும்; வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிந்தால் உறிஞ்சும் விசை போய்விட்டது என்று அர்த்தம். மோட்டார் சத்தம் அதேபோல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, பால் வற்றிவிட்டது என்று பயந்துபோவார்கள். புது வால்வு போட்டதும் அளவு பழையபடி ஏறினால் கவலை அங்கேயே முடிந்தது. வால்வைத் துடைக்கும்போது உள்ளே பிரஷ் விடாதீர்கள், கிழிந்துவிடும்.

புனலின் அளவும் முக்கியம். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல்; பலருக்கு அது பெரிது. காம்பின் குறுக்களவை அதன் அடிப்பகுதியில் அளந்து, அதே அளவு அல்லது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக உள்ள புனலைப் போட்டுப் பாருங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் நிறைய உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி வெளுத்துப்போனால் சிறிது. விசையை உச்சத்தில் வைத்தால் அதிகம் வரும் என்று நினைக்க வேண்டாம். வலிக்காமல் தாங்கும் அளவே சரியானது. வலி வந்தால் பால் இறங்குவதே தடைபடும்.

இனி உடம்பு. மார்பு நிறைந்தே இருந்தால் உள்ளே தேங்கிய பாலே சுரப்பை மெதுவாக்கச் சொல்லும். காலையிலிருந்து மாலைவரை ஒரே ஒருமுறை எடுப்பது சில நாள் தொடர்ந்தால், 'இந்த நேரத்தில் யாருக்கும் பால் தேவையில்லை' என்று உடம்பு கணக்குப் போட்டுவிடும். கதவுக்கு வெளியே ஆள் காத்திருக்கிறார் என்ற பதற்றத்தில் பால் இறங்குவதும் தாமதமாகும். அதனால் 'மதியம் மட்டும் போ' என்பது பால் சுரப்பைக் குறைக்கிற உத்தரவுதான்; சொல்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், விளைவு மாறாது. இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சுரப்பு மீளத் தொடங்கும்.

எவ்வளவு எடுத்தால் போதும்? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை குழந்தை குடிக்கும் மொத்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லியை ஒட்டி இருக்கும், குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்பின். நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25 முதல் 35 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 275 முதல் 385 மில்லி. ஒரு தடவைக்கு 100 மில்லி எடுத்தவருக்கு மூன்று முறை கிடைத்தால் போதும், ஒரு முறையில் நடக்காது. வீட்டில் குழந்தை இதைவிட மிக அதிகம் கேட்கிறது என்றால் புட்டி கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். வேகமாகக் கொட்டும் நிப்பிளில் சாய்த்துப் பிடித்தால் வயிறு நிறைந்த பிறகும் குழந்தை விழுங்கும். மெதுவான நிப்பிள், குழந்தையை நிமிர்த்தி வைத்து, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கை மட்டத்தில் பிடித்து, நடுநடுவே நிறுத்தி, ஒரு வேளைக்கு 90 முதல் 120 மில்லி. 'உன் பால் பத்தவில்லை' என்ற பேச்சு பாதி இதிலேயே அடங்கிவிடும்.

இப்போது அலுவலகம். உங்களைப் போன்ற பணியில் சண்டை உண்மையில் எங்கே நடக்கிறது தெரியுமா? கணினியின் நேரப் பதிவில். அழைப்பு மையங்களில் யார் எந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை முன்கூட்டியே போடப்படும். அட்டவணையில் உள்ள இடைவேளைக்குப் போனால் மதிப்பெண் குறையாது. இல்லாததற்குப் போனால் அதே 25 நிமிடம் குற்றமாகிவிடும். டீம் லீடிடம் 'அனுமதி' கேட்டுத் தினமும் மன்றாடுவதைவிட, அட்டவணை போடும் பிரிவு உங்கள் நேரத்தை முன்பே பதிந்துவிட ஹெச்.ஆர். சொல்லும்படி செய்வதுதான் நிலையான வழி. வாய்மொழி அனுமதி அந்த டீம் லீட் மாறினால் போய்விடும்.

ஆகவே நேரத்தைத் துல்லியமாகக் கேளுங்கள். இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் இரட்டைப் பம்பில் பால் எடுக்க 15 நிமிடம்; போக, பாகங்களை மாட்ட, பாலை மூடி வைக்க, திரும்பி வர இன்னும் 10 முதல் 15 நிமிடம். ஒற்றைப் பம்பானால் எடுப்பதற்கே 25 முதல் 30 நிமிடம் ஆகும். கொஞ்சம் செலவானாலும் வேலை இடத்துக்கு இரட்டைப் பம்பையே சொல்வேன். 'பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்' என்று நல்ல பெயர் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடமே விதியாகிவிடும், தினமும் தாமதமாக வருபவர் என்ற பெயர் உங்களுக்கு மிஞ்சும்.

மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்:

"மகப்பேறு விடுப்பு முடிந்து இந்தத் தேதி முதல் பணியில் இருக்கிறேன். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துவருவதால் வேலை நேரத்தில் காலை 10.30, மதியம் 1.30, மாலை 4.30 மணிக்குப் பால் எடுக்க வேண்டியுள்ளது. மதிய முறை உணவு இடைவேளையிலேயே முடிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் தலா 30 நிமிடம் தேவை. அழைப்பு நீண்டால் 15 நிமிடம் முன்பின் மாற்றிக்கொள்ள இயலும். கழிவறை அல்லாத, உள்ளே தாழிடக்கூடிய, கேமரா இல்லாத, நாற்காலியும் மின் இணைப்பும் உள்ள ஓர் இடம் வேண்டும். இந்த இடைவேளைகளை அட்டவணையில் எந்தத் தலைப்பில் பதிவார்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். சென்ற மாதம் இந்தத் தேதியில் 'காரணமின்றி' என்று பதிவான 25 நிமிடத்தைத் திருத்தித் தரவும். குழந்தைக்குக் குறைந்தது ஒரு வயது ஆகும்வரை இது தேவை. ஆறு மாதத்துக்குப் பின் முறைகள் குறையக்கூடும். மருத்துவர் சீட்டு இணைப்பில். மூன்று வேலை நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

டீம் லீட், ஹெச்.ஆர். இருவருக்கும் ஒரே அஞ்சலில் அனுப்புங்கள். மார்பு, கசிவு, வலி என்று விவரிக்கத் தேவையில்லை. கேலி செய்தவர்களைப் பற்றிய புகாரையும் இதில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 'உள் தகராறு' என்று சொல்லி நேரக் கோரிக்கையை ஓரங்கட்டிவிடுவார்கள். புகாருக்குத் தனி அஞ்சல். நேரில் கூப்பிட்டுப் பேசினால், அன்றே 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது' என்று நாலு வரி அனுப்பிவிடுங்கள். மறுத்து வராத பதிலும் ஒரு பதிவுதான்.

இடம் கேட்கும்போது 'அறை இல்லை' என்பார்கள். தனி அறை தேவையில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குப் பூட்டித் தரும் ஒரு சிறு கூட்ட அறை போதும். கண்ணாடிச் சுவரானால் திரை வேண்டும். கேமரா இருந்தால் அதன்மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள் என்பதை ஏற்காதீர்கள், அந்த நேரத்தில் நிறுத்திவைப்பதாக எழுத்தில் வாங்குங்கள் அல்லது வேறு அறை கேளுங்கள். கழிவறை ஏன் ஆகாது என்றால், கழுவிய பாகங்களைக் கீழே வைக்கச் சுத்தமான பரப்பு அங்கே இல்லை, உட்கார வசதியில்லை, பெரும்பாலும் பிளக் பாயின்ட் இல்லை.

பால் உணவுப் பொருள். பொது ஃபிரிட்ஜில், பெயரும் தேதியும் ஒட்டிய மூடிய டப்பாவுக்குள் வைக்கலாம். 'உடல் கழிவு' என்று யாராவது முகம் சுளித்தால் அதற்கு அடிப்படை கிடையாது. ஃபிரிட்ஜே வேண்டாம் என்றாலும் உறைந்த ஐஸ் பேக்கோடு கூடிய குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம்வரை தாங்கும். வெளியே வைத்தால் 25 டிகிரி வரை நான்கு மணி நேரம், அதைவிட வெப்பமான அறையில் காத்திருக்காமல் உடனே பைக்குள். வீட்டு ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு நாள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

நேரத்தை அதிகம் தின்பது கழுவுவதுதான். மூன்று செட் புனலும் வால்வும் வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் கழுவவே வேண்டாம். பயன்படுத்தியதைத் தனிப் பையில் போட்டு வீட்டில் கழுவலாம். அலுவலகத்தில் கழுவியே ஆக வேண்டுமானால் தொட்டியில் நேராகப் போடாமல், அதற்கென்று ஒரு சிறு பேசினும் பிரஷும் வைத்துக்கொண்டு கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். பம்பின் மோட்டாரோடு இணையும் குழாயில் ஈரம் தெரிந்தால் பாட்டிலைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் சில நிமிடம் ஓடவிடுங்கள். பூஞ்சை பிடித்த குழாயைக் கழுவ முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உரிமைக் கேள்விக்கு வருகிறேன். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். இது புதிதாக யாரோ கிளப்பிய கோரிக்கை அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட மகப்பேறு உடன்படிக்கையிலேயே பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு அரைமணி இடைவேளை எழுதப்பட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 183ஆம் உடன்படிக்கை, அந்த இடைவேளையை வேலை நேரமாகக் கணக்கிட்டு ஊதியம் தர வேண்டும் என்கிறது. ஏற்று உறுதிசெய்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேல், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுத்தது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. பம்ப் என்ற சொல் அதில் இல்லை. 'பாலூட்டத்தானே சொல்லியிருக்கிறது' என்று வாதிடுபவர்களிடம், குழந்தையை இங்கே கொண்டுவந்தால் எந்த நேரம் தருவீர்களோ அதையே கேட்கிறேன் என்று சொல்லலாம். அமெரிக்காவில் 2022 டிசம்பர் சட்டத்தின்படி குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேவையான போதெல்லாம் நியாயமான நேரமும், கழிவறை அல்லாத, மற்றவர் பார்வை படாத இடமும் தர வேண்டும். அந்த நேரத்துக்கு ஊதியம் எப்போதும் கட்டாயமில்லை. பிலிப்பைன்ஸின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பால் எடுப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்து, எட்டு மணி நேர வேலைக்குக் குறைந்தது 40 நிமிடம் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் எத்தனை முறை, எந்த வயதுவரை, ஊதியத்தோடா என்ற மூன்றை மட்டும் தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பிரிவின் எண்ணை இரண்டாவது அஞ்சலில் போடுங்கள். முதல் அஞ்சலிலேயே சட்டத்தை நீட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பல இடங்களில் முதல் அஞ்சலுக்கே காரியம் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் பதிவேடுதான் துணை. தேதி, நேரம், யார், சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் யார் இருந்தார்கள், அன்று எத்தனை முறை எடுக்க முடிந்தது, எத்தனை மில்லி. இதைச் சொந்த நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்; அலுவலகக் கணினியில் வைத்தால் கணக்கை முடக்கும் நாளில் அதுவும் போய்விடும். பழைய மதிப்பெண் தாள்களும் உங்கள் கையில் இருக்கட்டும். விடுப்புக்கு முன் நல்ல மதிப்பெண், திரும்பி வந்து இடைவேளை கேட்டதும் சரிவு என்றால் அந்தத் தேதிகளே பேசும். ஆனால் வாடிக்கையாளர் விவரம் உள்ள திரைகளைப் படமெடுத்துச் சொந்த அஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்களை வெளியே அனுப்ப அது ஒன்றே போதும், பாரபட்சப் புகார் பின்னால் போய்விடும்.

கேலியில் இரண்டு வகை. 'ஸ்பெஷல் பிரேக்கா' என்பதற்கு 'ஆமாம், அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்' என்ற ஒரு வரி போதும். உடம்பைப் பற்றியோ பாலைப் பற்றியோ கொச்சையாக யாராவது பேசினால் அது கேலி அல்ல, பாலியல் தொல்லை. அதற்கான குழுவிடம் தனியாக எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும்.

இரவு ஷிஃப்டைப் பற்றி எழுத்தில் எதுவும் வராதவரை நீங்களாக எழுப்பாதீர்கள். வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், உங்கள் கோரிக்கை எந்தத் தேதியில் போனது என்பதையும் அதே பதிலில் குறிப்பிடுங்கள். 'விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கும் எந்தத் தாளிலும், ஷிஃப்ட் மாற்றமோ ஊதியமில்லா விடுப்போ ராஜினாமாவோ, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

புட்டிப்பாலுக்கு மாறுவது உங்கள் முடிவு. மாறினாலும் யாரும் குறை சொல்ல இடமில்லை. முழுக்க மாறுவது, முழுக்கப் பம்ப் செய்வது என்ற இரண்டுக்கு நடுவிலும் வழி இருக்கிறது: வேலை நேரத்தில் இரண்டு முறை எடுத்து, குறைவதற்கு மட்டும் மாவுப்பால் கொடுத்து, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நேரடியாகக் கொடுக்கலாம். எப்படி ஆனாலும் இப்போது, கட்டி இருக்கும்போது, நிறுத்தும் முடிவை எடுக்காதீர்கள். பிறகு குறைப்பதானால் பால் எடுக்கும் வேளைகளை மூன்று நான்கு நாளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக விடுங்கள். விட்ட நேரத்தில் மார்பு கனத்து வலித்தால், கையால் கொஞ்சமாக, இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இரு பக்கமும் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடவும். தோல்மேல் வழுக்கி இழுக்கக் கூடாது. பம்ப் பழுதான நாளிலும், சார்ஜரை வீட்டில் மறந்துவிட்ட நாளிலும் இதே முறைதான் கைகொடுக்கும், வீட்டில் ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.